கம்பெனி இணைந்த பிறகு ஆட்கள் கலந்தார்களா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மண்டபத்திலிருந்து ஒருவர்:

எங்கள் இறால், கணவாய் பதப்படுத்தும் கம்பெனியைத் தூத்துக்குடிக் கம்பெனி ஒன்று வாங்கியது. நான் சம்பளப் பட்டியல் பார்க்கிறவன். வாங்கின கையோடு, இரண்டு பக்கத்து ஆட்களும் ஒட்டிப்போகிறார்களா என்று பார்க்க ‘கலாச்சார ஆய்வு’ என்று ஒரு படிவம் வந்தது. 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். அதை எடுத்த நேரம்தான் கூத்து. மே மாதம்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். சரக்கே வராத இடத்தில் சண்டை எங்கிருந்து வரும்? எல்லாரும் 4, 5 என்று போட்டுத் தள்ளினார்கள். தலைமையகத்துக்கு ஏக சந்தோஷம்.

தடை முடிந்து படகு இறங்கியதும் வந்தது வினை. எங்கள் வழக்கம், படகு முதலாளிக்கு முன்பணம், சரக்கு வந்ததும் துண்டுச் சீட்டு, சாயங்காலத்துக்குள் பாக்கிப் பணம். அவர்கள் வழக்கம், தரம் பிரித்து, கணினியில் ஏற்றி, இரண்டு வாரம் கழித்து வங்கியில். எங்கள் கொள்முதல்காரர் சீட்டும் எழுதினார், கணினியிலும் ஏற்றினார். எடை ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம். ‘ஒரே குழுவாக உணர்கிறேன்’ என்பதற்கு 5 போட்டதாகச் சொன்னவரும் அவர்தான்! பொய் என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் அவர் அப்படித்தான் உணர்ந்திருப்பார்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த அளவுகோல் பழுதுப் பதிவேடு. ராத்திரி ஃப்ரீசர் கம்ப்ரசர் நின்றால் யாருக்குத் தகவல் சொன்னார்கள் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. தூத்துக்குடிப் பராமரிப்புக்காரர்தான் பொறுப்பு என்று சுற்றறிக்கை போட்ட பிறகும் வெகுநாள் எங்கள் பழைய மெக்கானிக் பெயர்தான் இருந்தது. சரக்கு கெடப்போகிற நேரத்தில் யாரும் சுற்றறிக்கையைத் தேடமாட்டார்கள், நம்புகிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்குப் பக்கத்தில்தான் அந்தக் கட்டத்தில் தூத்துக்குடிப் பெயர் தலைகாட்டியது.

கீழக்கரைக்காரர், இப்போது சென்னையில்:

அண்ணே, நாங்கள் மனிதவளத் துறையில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். யார் யாரிடம் உதவி கேட்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்ப்போம், வலையமைப்பு ஆய்வு என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எத்தனை கோடு ஓடுகிறது என்பதுதான் கணக்கு. ஜெர்மனிக் கார் கம்பெனி டைம்லரும் அமெரிக்கக் கார் கம்பெனி கிறைஸ்லரும் 1998-இல் சேர்ந்து 2007-இல் பிரிந்த கதையை, ஆட்கள் கலக்காததற்கு உதாரணமாக, எங்கள் துறையில் சொல்லாத வகுப்பே கிடையாது.

படிவம் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒன்று கவனியுங்கள். மூன்று பேர் இருக்கிற பிரிவின் சராசரியைத் தனியாகக் காட்டினால் யார் 1 போட்டது என்று டீக்கடை வரை தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைந்தால் தனியாகக் காட்டக் கூடாது.

மீண்டும் மண்டபம்:

சரிதான் தம்பி. எங்கள் பேக்கிங் அறைக் கணக்கர்கள் மூன்றே பேர், மூவருமே 3 போட்டுவிட்டு வந்தார்கள். அப்புறம், வேலையை விட்டுப் போனவர்கள் கணக்கையும் மொத்தமாகப் பார்க்காதீர்கள். எங்களிடம் வேலை செய்கிறவர்களின் மொத்த எண்ணிக்கை பழைய அளவில்தான் இருந்தது. கம்பெனி வாரியாகப் பிரித்தபோதுதான், போனவர்களில் பாதிக்கு மேல் எங்கள் பக்கத்துப் பழைய சூப்பர்வைசர்கள் என்று தெரிந்தது. அவர்கள் இடத்துக்கு வந்த புதுப் பையன்கள் எண்ணிக்கையைச் சமன் செய்துவிட்டார்கள். இந்தப் பட்டியலைத்தான் தலைமையகத்துக்கு அனுப்பினேன், அடுத்த ஆய்வை ஆகஸ்டில் வையுங்கள் என்ற குறிப்போடு.