வண்டியோடு வந்த ஸ்டீரியோவை மாற்றியவர்கள் உண்டா? பிக்கப் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கேட்டி_சில்வராடோ

2012 செவ்ரோலே சில்வராடோ பிக்கப், ஹூஸ்டன். பழைய செட்டில் கார்ப்ளே (ஐபோனை வண்டித் திரையில் காட்டுவது) கிடையாது, அதனால் கடையில் கொடுத்து ஏழு இன்ச் டச் ஸ்கிரீன் போட்டேன். படமும் சவுண்டும் அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஐ-10 நெடுஞ்சாலையில் லேன் மாறுகிறேன். பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி நெருங்கி வருகிறது. இண்டிகேட்டர் போட்டேன், டிக் டிக் சத்தத்தைக் காணோம். எரிகிறதா இல்லையா என்று கண்ணைத் தாழ்த்தி மீட்டரைப் பார்த்தேன். பச்சை அம்பு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால், முன்னால் போன வண்டியின் பிரேக் லைட் என் கண்ணாடி முழுக்க. எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் லாரி அடித்த ஹாரன் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இந்த வண்டிகளில் அந்தச் சத்தத்தைப் போடுவதே ரேடியோதான். சீட் பெல்ட் மணி, சாவியை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தால் வரும் மணி எல்லாமே டேட்டா வயர் வழியாக ரேடியோவுக்கு வந்துதான் ஸ்பீக்கரில் ஒலிக்கும். ரேடியோ போனால் அத்தனையும் ஊமை. அதற்கென்றே இன்டர்ஃபேஸ் பெட்டி விற்கிறார்கள். கடைக்காரர் அதைப் போடாமல், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து ஆன் ஆக வைத்துவிட்டார். போய்க் கேட்டால், "பாட்டு வருகிறதல்லவா?" என்கிறார். அந்தப் பதிலை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஹைலக்ஸ்_வவுனியா

உங்களுக்குச் சத்தம் போனது, எனக்குக் கமரா போனது அண்ணா.

ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப். கொம்பனி செற்றைக் கழற்றி அன்ரொயிட் செற் போடக் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ரிவர்ஸ் போட்டதும் படம் வடிவாகத் தெரிந்தது, எல்லோருக்கும் சந்தோசம். கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு கோடாக ஓடத் தொடங்கி, பிறகு ஒரேயடியாகக் கறுத்துப் போனது. பின்கதவில் கைபிடிக்குப் பக்கத்தில் இருக்கிற கமராவைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வைக்க முடியாத சூடு.

ரொயோட்டாவோடு வருகிற கமரா கனக்க 6 வோல்ற்றில் வேலை செய்கிறவை. பழைய செற்தான் அந்த 6 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வயரிங் செய்த பெடியன் ரிவர்ஸ் லைற்றிலிருந்து 12 வோல்ற்றை நேரே கொடுத்துவிட்டான். வோல்ற் பார்க்கிற மீற்றர் அவனுடைய சட்டைப் பையிலேயே இருந்தது. ஒருக்கால் எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் போதும். அந்தப் பை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

டல்லாஸ்_ராம்

கேட்டி நண்பருக்கு: கோபம் நியாயம். ஆனால் கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இப்போது வரும் டிரக்கில் ரேடியோ என்று தனியாக ஒன்று கிடையாது, அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. என் ராம் 1500இல் 12 இன்ச் திரை. சீட் சூடாக்குவது, வண்டி செட்டிங், பின்பக்க காமிரா எல்லாம் அதற்குள். 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விற்கத் தயாராகும் இந்த அளவுப் புது பிக்கப்புகளுக்குப் பின்பக்க காமிரா கட்டாயம். அதைக் காட்டும் திரையைப் பிடுங்கி வெளியே போட்டால்?

நானும் ஒரு கடைக்குப் போனேன். "எல்லாம் மாற்றலாம் சார்" என்றார். "அப்படியானால் சீட் சூடு எங்கே போகும்?" என்றேன். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாரே தவிர, பதில் வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்பெனி செட்டில் வால்யூமை ஏற்ற ஏற்ற பேஸை, அதாவது கனமான அடிச்சத்தத்தை, குறைத்துவிடுவார்கள், சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க. பேஸ் கிடார் பாதியில் காணாமல் போவது அதனால்தான். செட்டை அப்படியே விட்டு, பின்னால் டிஎஸ்பியும் (ஒலியைச் சரிசெய்யும் பெட்டி) ஆம்ப்பும் (சத்தத்தைப் பெருக்குவது) போட்டால் அது சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி

இசுசு வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். புது செட் போட்ட வாரமே, விடிகாலையில் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் கதை.

இனி போடப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள வயர், செட்டின் ஞாபகசக்தி அதில்தான். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வருவது. ரெண்டையும் சேர்த்தால் செட் தூங்கவே தூங்காது, ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குடிக்கும். இடம் மாற்றிக் கொடுத்தால் சாவியை எடுக்கும்போதெல்லாம் செட்டிங் அழிந்துபோகும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்பை எழுப்ப. ஆம்ப் உள்ள வண்டியில் அதை விட்டுவிட்டால் செட் ஓடும், சத்தம் வராது. வெள்ளை, சாம்பல் முன் ஸ்பீக்கர். பச்சை, ஊதா பின் ஸ்பீக்கர். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இந்த நிறமெல்லாம் புது செட்டின் வயருக்குத்தான், வண்டி வயரின் நிறம் வேறு. அதற்குச் சரியான சாக்கெட் வாங்குங்கள், கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள்.

கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுங்கள். சில வண்டிகளில் ஏர்பேக் விளக்கு அந்த ரேடியோ பேனலிலேயே இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் லைட் எரிந்து நின்றுவிடும்.

அப்புறம், பெட்டியில் 50 வாட்ஸ் இன்ட்டு 4 என்று போட்டிருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அது உச்சக் கணக்கு. விடாமல் கொடுப்பது 20 வாட்ஸ் சுற்றுவட்டாரம்தான். டொயோட்டா ஆட்களுக்கு இன்னொன்று: சாதாரண டபுள் டின் (இரட்டை உயர அளவு) செட் அகலம் சுமார் 180 மில்லிமீட்டர், உங்கள் டேஷ்போர்டு ஓட்டை 200. இரண்டு பக்கமும் இடைவெளிக்குப் பட்டி வரும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டி_சில்வராடோ

டல்லாஸ் நண்பரே, உங்கள் வண்டிக்கு அது சரி. என்னுடையதில் காமிராவும் இல்லை, ஏசிக்குத் தனி பட்டன். "தொடவே கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதுவது நியாயமில்லை. பத்து வருடத்துக்கு மேலான வண்டிக்குக் கம்பெனி இனிமேல் கார்ப்ளே தரப்போவதில்லை. தவறு மாற்றியதில் இல்லை, பாதி மாற்றியதில்.

வேறு இடத்தில் இன்டர்ஃபேஸ் போட்டாகிவிட்டது. அந்தப் பெட்டிக்குள்ளேயே குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. மணியும் டிக் டிக்கும் டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து வருகின்றன. ஸ்டீயரிங் பட்டனும் வேலை செய்கிறது. சாவியை எடுத்தபிறகும் கதவு திறக்கும்வரை பாட்டு ஓடுவது பழையபடி திரும்பியது.

ஹைலக்ஸ்_வவுனியா

தென்னந்தோப்பு ஐயா, ஓட்டைக்குப் பட்டி கேட்டு வாங்கிவிட்டேன், நன்றி. கமரா புதிதாகப் போட வேண்டும். திரும்பவும் கொம்பனிக் கமராதான் என்றால் 12ஐ 6 ஆக்க வழி இருக்கிறதா?

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி

இருக்கிறது தம்பி. 12ஐ 6 ஆக இறக்கும் சின்ன கன்வெர்ட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. டொயோட்டா காமிராவுக்கென்றே அதை உள்ளே வைத்த வயரும் வருகிறது. எதை வாங்கினாலும் காமிராவை மாட்டும் முன் அந்த முனையில் மீட்டர் வைத்து 6 காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். வண்டி ஸ்டார்ட்டில் இருக்கும்போதும் பாருங்கள், அப்போது பேட்டரி பக்கம் 14 வரை ஏறும்.