புதுப்பிப்பு: பூக்காத காகிதப்பூச் செடி பூத்துவிட்டது

மூன்று மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: தொட்டியில் வைத்த காகிதப்பூச் செடி தளதளவென்று வளர்கிறது, ஒரு பூகூட இல்லை என்று. உரம் போதவில்லை என நானே முடிவு கட்டியிருந்தேன். தப்பு. பதில் எழுதிய நீங்கள், இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் தினசரித் தண்ணீரையும் நிறுத்தச் சொன்னீர்கள்.

உரத்தை நிறுத்துவது சுலபம். தண்ணீரை நிறுத்தத்தான் மனசு வரவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினேன். இலை லேசாகத் துவளும்போதெல்லாம் கை பரபரக்கும். அப்புறம், தொட்டியை நாள் முழுக்க வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தி, நீண்டுபோன கிளைகளை வெட்டிவிட்டேன். புதுத் துளிரில்தான் பூ வருமாம்.

ஐந்தாவது வாரம் துளிர் நுனியில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. கிட்டத்தில் பார்த்தால் அந்த மூன்று வண்ண 'இதழும்' இதழே இல்லை, நிறம் ஏறிய இலைகள். நடுவில் குழல் மாதிரி நிற்கிற சின்ன வெள்ளைதான் நிஜப் பூ. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்!

வெட்டும்போது கையுறை போடாததுதான் முட்டாள்தனம். முள் கீறிய தடம் இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.