மைலேஜ் டயர் மழையில் வழுக்குமா?

தங்கச்சிமடம் டிரைவர்:
சொந்த வண்டி, டீசல் டிசையர். வாரம் நாலு நாள் மதுரை ஏர்போர்ட் சவாரி. டயர் மாற்ற வேண்டும். கடையில் "மைலேஜ் டயர் போடுங்கண்ணே, டீசல் மிச்சம்" என்கிறார்கள். ஆசைதான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை உச்சிப்புளி தாண்டி, மீன் லாரி ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுப் போன இடத்தில், தூறலில் பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவே இல்லை. முன்னால் போன ஷேர் ஆட்டோவுக்கு ஒரு முழம் விட்டு நின்றது. பின் சீட்டு அம்மா கங்கைச் சொம்பைக் கட்டிப்பிடித்தபடி மண்டபம் வரை வாயே திறக்கவில்லை. மைலேஜ் டயரில் கிரிப் இருக்காது என்கிறார்களே, நிஜமா?

ராம்நாடு டயர்கடை:
பாதி நிஜம். டயர் உருளும்போது ரப்பர் அமுங்கி விரிந்து சூடாகும். காரின் டீசலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டயரை உருட்டவே போகிறது. அந்த அமுக்கத்தைக் குறைத்தால் மைலேஜ் வரும். ஆனால் ஈர ரோட்டைக் கவ்வுவதும் அதே அமுக்கம்தான். 1990களில் ரப்பரில் கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்கா என்ற வெள்ளைத் தூளைக் கலக்க ஆரம்பித்தபிறகு நல்ல டயர்களில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே வருகிறது. மலிவு டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டை) ஆழத்தைக் குறைத்தே மைலேஜ் காட்டிவிடலாம், அதில்தான் ஏமாறுவோம். ஐரோப்பாவில் 2012 முதல் டீசல் மிச்சத்துக்கு ஓர் எழுத்து, ஈர கிரிப்புக்கு ஓர் எழுத்து என்று ஸ்டிக்கரே உண்டு. அதே மாடலுக்கு அந்த ஸ்டிக்கர் இருந்தால் நெட்டில் தேடிப் பாருங்கள், இரண்டாவது எழுத்தை முதலில்.
அதுசரி, வழுக்கிய அன்று பட்டன் எவ்வளவு இருந்தது?

கீழக்கரை மாப்ள:
அண்ணே, லிட்டருக்கு 20 ஓடுகிற வண்டி 20.5 ஓடும், அவ்வளவுதான். அரிச்சல்முனை மணலில் மாட்டினால் காத்தை இறக்கிவிட்டு, அப்புறம் ஏற்ற மறந்து ராமேஸ்வரம் வரை வருவீங்களே, அதிலேயே அந்த அரை போயிரும்.

தங்கச்சிமடம் டிரைவர்:
மாப்ள, அது ரெண்டு தடவைதான்.
டயர்கடை அண்ணன் கேட்டதற்கு: பட்டன் இடுக்கில் இருக்கிற குட்டி மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தது. தீபாவளி சவாரி முடியட்டும் என்று ஓட்டினேன்.

ராம்நாடு டயர்கடை:
அந்த மேடு 1.6 மி.மீ. அதற்குச் சமமாகிவிட்டால் தண்ணீர் வெளியேற வழி போதாது, எந்தக் கம்பெனி டயரும் வழுக்கும். பழைய டயரைத் திட்ட வேண்டாம். புதுசு வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 1521 என்றால் 2021இன் 15ஆவது வாரம் செய்தது, பழைய சரக்கு, கையில் வாங்காதீர்கள்.

தங்கச்சிமடம் டிரைவர்:
நாளைக்குக் காலையில் வருகிறேன். சாயங்காலம் மதுரையில் ஆள் ஏற்ற வேண்டும், வானம் இப்போதே கருத்துக் கிடக்கிறது.