அரைவிரலியா, இருநிரைவிரலியா?

வணக்கம் அக்கா,

வீட்டுப்பல்லி அடங்கும் ஹெமிடாக்டைலஸ் சாதிக்கு (genus) தமிழ்ப் பெயராக நீங்கள் முன்வைத்த 'அரைவிரலி' மூலச்சொல்லுக்கு நேரானது. கிரேக்கத்தில் 'ஹெமி' அரை, 'டாக்டிலோஸ்' விரல். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. அதை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளை பாதி விரல் இல்லாத பல்லியைத்தான் தேடும். இவற்றுக்கு விரல் முழுதாகவே இருக்கிறது, நுனியில் நகமும் உண்டு.

பாதியாக இருப்பவை விரலின் அடிப்புறத் தகடுகள். இரவில் விளக்கைப் போட்டால் யன்னல் கண்ணாடிக்கு வெளியே பூச்சி பிடிக்க வருமே வீட்டுப்பல்லி, அதை உள்ளே நின்று பாருங்கள். கிடுகு வேய்ந்த கூரை மாதிரித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கும். நடுவே ஒரு கோடு ஓடி, பெரும்பாலானவற்றை இரண்டாகப் பிரிக்கும். நகம் உள்ள நுனி மட்டும் ஒடுங்கி, அகன்ற பகுதியிலிருந்து மேலெழும்பி நிற்கும். பகற்பல்லிகளான நெமாஸ்பிஸ் சாதியில் இந்த அகன்ற பகுதியே கிடையாது. மெல்லிய விரல், வட்டக் கண்மணி. ஹெமிடாக்டைலஸின் கண்மணியோ நெட்டுக்குத்தான கீறல்.

அதனால் நான் சொல்வது 'இருநிரைவிரலி'. 'இருவரிசைவிரலி' என்றும் எழுதிப் பார்த்தேன். ஆனால் உயிரினப் பாகுபாட்டில் இலங்கையில் நாங்கள் வருணம் (order) என்று படித்ததைத் தமிழ்நாட்டில் வரிசை என்கிறார்கள். எங்கள் சாதி அங்கே பேரினம். இரண்டு கரையிலும் புழங்கவேண்டிய சொல்லில் அந்தக் குழப்பம் வேண்டாம். நிரை இங்கே எவருக்கும் புதிதில்லை. தாயக் (matrix) கணக்குச் செய்த பிள்ளைக்கும் தெரியும், ஒட்டுசுட்டானில் கூரை வேய்கிறவருக்கும் தெரியும்.

தம்பி சொன்ன 'பிளவடி' காதுக்கு இனிது. ஆனால் எருமையின் குளம்புதான் கண்முன் வருகிறது.

இனப்பெயர்களில் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. வீட்டுப்பல்லியின் அறிவியற் பெயரில் வரும் 'ஃபிரெனாட்டஸ்' இலத்தீனில் கடிவாளமிட்டது என்று பொருள்படும். வீட்டுப்பல்லி என்ற பெயரை விட்டுவிட்டு அதை எடுக்க நான் உடன்படமாட்டேன். இதே சாதியின் இன்னொரு பல்லிக்குள்ள 'லெஷெனோல்ட்டி' ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரில் வந்தது. காட்டில் மரப்பட்டையோடு பட்டையாய் ஒட்டிக்கிடக்கும் அதற்கு மரப்பட்டைப்பல்லி போதும்.

அப்புறம், 'தகடு' எனக்கே நிறைவாக இல்லை. தகரம்போல விறைத்த ஒன்றை அது நினைக்கவைக்கிறது. இதுவோ வளைந்துகொடுப்பது, பசை எதுவும் இல்லாமல், மயிரினும் நுண்ணிய ஆயிரக்கணக்கான இழைகளால் சுவரைப் பற்றுவது. 'விரல்மடல்' சரிவருமா, அக்கா?