கண்ணாடி பதித்த நகரும் அலமாரிக் கதவுகள்: புதுப்பிப்பு

சென்னையில் பத்துக்குப் பதினோரடி அளவுள்ள எங்கள் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே இரண்டடியே எஞ்சுவதால், கண்ணாடி பதித்த நகரும் கதவுகள் பொருந்துமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். இரண்டு கதவுகளையும் மாட்டி மூன்று வாரங்கள் ஆகின்றன.

முதலில் எடை. 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ என்பதால், ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு கதவில் கண்ணாடி மட்டுமே 20 கிலோவை நெருங்குகிறது. ஆகவே மேலிருந்து தொங்கும் அமைப்பை விட்டுவிட்டு, கீழே சக்கரங்கள் எடையைத் தாங்கும் அமைப்பையே தேர்ந்தெடுத்தேன். கீழ்த் தடத்தில் தூசி சேர்வது உண்மைதான்; பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று அதற்கென்றே இருக்கிறது. உடைந்தாலும் சில்லுகள் சிதறாதபடி பின்புறம் பாதுகாப்புப் படலம் ஒட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. வீட்டில் பந்து விளையாடும் சிறுவன் இருக்கிறான்.

நான் கணக்கில் கொள்ளாதது ஆழத்தை. ஒன்றன்முன் ஒன்றாக ஓடும் இரு கதவுகளும் நான்கு அங்குலத்தை விழுங்கிவிட, 24 அங்குல அலமாரிக்குள் 20 அங்குலமே மிஞ்சியது. அகலமான மாட்டிகளில் தொங்கும் சட்டைகளின் தோள்கள் கதவில் உரசுகின்றன. குறுகிய மாட்டிகள் வாங்கியிருக்கிறேன். சன்னலுக்கு எதிரே கண்ணாடி வந்ததில் அறை விசாலமாகத் தோன்றுகிறது, ஆனால் காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி நேராகத் தலையணையில் விழுவதால் திரைச்சீலையை மாற்ற வேண்டியிருக்கிறது.