நான்காவது பெயர்

நூலகத்துக்காரி, கோவை

நேரில் பார்த்த ஆராய்ச்சியாளரைப் பற்றி எழுதுங்கள் என்றதும் இங்கே ஆளாளுக்கு ஒரு கதை எழுதுகிறீர்கள். நான் பார்த்தது ஒரு பெயரை மட்டும்தான், அதுவும் அச்சில்.

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை எனக்கு. சென்ற ஆடியில் தாராபுரம் பக்கத்து முதுநிலை மாணவி ஒருத்தி வந்தாள். "அக்கா, இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்த கட்டுரை வேண்டும்" என்றாள். சுனிதி சாலமன் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். தவறில்லை, அந்த ஆய்வுக்கு வழிகாட்டிய மருத்துவர் அவர்தான். 1993இல் தம் தந்தையின் பெயரில் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எய்ட்ஸ் ஆய்வு மையத்தைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை இந்த நோயோடேயே இருந்தவர்.

கட்டுரை எளிதில் அகப்படவில்லை. தலைப்பில் எச்.ஐ.வி. என்ற சொல்லே இல்லை; அப்போது வழங்கிய எச்.டி.எல்.வி.-3 என்ற பெயர்தான் இருக்கிறது. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், 1987, 85ஆம் தொகுதி. பைண்டிங் பிய்ந்த அதைத் துடைத்துத் திறந்தால் மொத்தமே நான்கு பக்கம். ஏழு பெயர்கள்: சிமோயஸ், பாபு, ஜான், நிர்மலா, சாலமன், லட்சுமிநாராயணா, க்வின்.

நான்காவதாக இருக்கும் நிர்மலாதான் ரத்தம் எடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் அப்போது அவர் முதுநிலை மாணவி. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் 80 மாதிரிகள் எடுத்தார். கையுறைகூட அவரிடம் இல்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிந்த நீரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே எலிசா என்ற ரத்தச் சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின; மஞ்சள் என்றால் தொற்று இருக்கலாம் என்று பொருள். அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதிசெய்தார்கள். நிர்மலா அதன்பின் படிப்பை முடித்துக் கிண்டி கிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இனி என் தொழில் ரகசியம் ஒன்று. கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில், ஆசிரியர்கள் ஏழு பேரோ அதற்கு மேலோ என்றால், முதல் மூவரைப் போட்டு 'மற்றும் பிறர்' என்று முடிப்பது சில பெரிய இதழ்களின் விதி. ஆறு பேர் என்றால் எல்லாப் பெயரும் வரும். இதில் சரியாக ஏழு! வெட்டு விழும் இடத்தில் நிற்கிறார் நிர்மலா. அடுத்து நிற்கும் சுனிதியும் தப்பவில்லை. போதாக்குறைக்கு, தேடும் இயந்திரத்துக்கு அவர் வெறும் 'நிர்மலா எஸ்'. அப்பா பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கும் நம் ஊரில் அந்தப் பெயரில் எத்தனை பேர் என்று சொல்லவும் வேண்டுமா?

பதவி உயர்வு நேர்காணல் வந்தால் எங்கள் பேராசிரியர்கள் எச்-இண்டெக்ஸ் அச்செடுக்க வரிசையில் நிற்பார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் பத்து. ஒரே கட்டுரை பத்தாயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் எண் ஒன்றுதான். நூல் மில்லில் கவுண்ட் பார்ப்பதுபோல ஆளுக்கு ஒரு எண் குத்திவிடுகிறார்கள். நூலுக்கு அது சரி.

மாணவி விரல்விட்டுப் பெயர்களை எண்ணினாள். "பட்டியலில்தானே அக்கா வெட்டுவார்கள்? நான் வரியிலேயே எழுதிவிடுகிறேன்" என்று நிர்மலா பெயரைத் தன் ஆய்வேட்டு முன்னுரையின் முதல் வரியில் சேர்த்தாள். எனக்குத் தோன்றாத யோசனை.

முன்னாள் ஆலோசகர், நாமக்கல்

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். வடக்கே லோடு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர் ஒருவர், தன் ரிசல்ட் தாளை எட்டாக மடித்து வண்டியின் ஆர்.சி. புத்தக உறைக்குள் செருகிக்கொண்டு கேட்டார்: "சார், இப்போதே நான் மாத்திரை சாப்பிட்டால் அவளுக்கு வராதா?" மனைவிக்குத் தொற்று இல்லை. சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறைந்தால்தான் மருந்து என்று விதி இருந்த காலம். ஆணுறைப் பெட்டியை நகர்த்தி வைத்தேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

2011இல் பதில் வந்தது. எச்.பி.டி.என். 052 ஆய்வு, ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள், ஒருவருக்கு மட்டும் தொற்று. மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஒய்.ஆர்.ஜி. கேரும் அதில் ஓர் ஆய்வு மையம். அந்தக் கட்டுரையில் சென்னை டாக்டர் குமாரசாமி ஆறாவது பெயர். அக்கா சொன்ன விதிப்படி அவரும் 'மற்றும் பிறர்'தான்! யாராக இருந்தாலும் உடனே மருந்து என்று இங்கே விதி மாறியது 2017இல். நான் விலகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஓட்டுநரின் மனைவிக்குப் பரிசோதனை செய்தோம். தொற்று இல்லை.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர், பெருந்துறை

எலிசா தட்டில் ஒரு குழி மஞ்சளானால் முதலில் பயம் வராது, சந்தேகம்தான் வரும். தட்டைச் சரியாகக் கழுவினோமா, மாதிரி மாறிவிட்டதா என்று கை தானாகப் பதிவேட்டைப் புரட்டும். இது ஒன்றல்ல, ஆறு. அன்று அந்தத் தட்டைப் பிடித்திருந்தவர்களின் மணிக்கட்டு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அது இருக்கட்டும் அம்மணி, அந்தத் தாராபுரத்துப் பெண்ணின் வரியை வழிகாட்டி விட்டுவைத்தாரா?

நூலகத்துக்காரி, கோவை

விட்டுவைத்தார் அண்ணா. ஒரு காற்புள்ளியை மட்டும் அடித்தார்.