ஏலகிரிப் படகில் மகளை மறுபடியும் ஏறச் சொன்னது குடும்ப நேரமா, வேலையா?

பாலாற்றங்கரை:
பயண எழுத்தையும் பிள்ளை வளர்ப்பையும் ஒன்றாக நடத்துவது மிக எளிது, பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்றால் போதும் என்று நெடுஞ்சாலை என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இந்த மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதற்கு அவர் காட்டிய சான்று ஏலகிரிப் பயணம். விடுதியொன்று அறையை இலவசமாகக் கொடுத்ததாம். மனைவியும் ஏழு வயது மகளும் உடன் சென்றார்களாம். புங்கனூர் ஏரியில் படகேறும் காட்சிக்கு வெளிச்சம் சரியாக அமையாததால், மகளை இறங்கி மறுபடியும் ஏறச் சொன்னாராம். இதைக் குடும்பத்தோடு கழித்த நேரம் என்று கணக்கில் எழுதுகிறார். நானும் இதே தொழிலில் இருப்பவள்தான். எனக்கும் பள்ளிக்குப் போகும் மகன் இருக்கிறான். பிள்ளையை மறுபடியும் ஏறச் சொன்ன அந்த நொடியில் அவள் உங்கள் மகளாக இல்லை, உங்கள் நடிகையாக இருந்தாள்.

நெடுஞ்சாலை:
அம்மா, நான் எழுதியதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விட்டுவிட்டீர்கள். கல்யாண வீட்டில் படம் எடுப்பவர் மாலையை மறுபடியும் மாற்றச் சொல்வதில்லையா? அதனால் அந்தக் கல்யாணம் பொய்யாகிவிடுமா? மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14 இருக்கின்றன. அவற்றுக்கு வைத்திருக்கும் புலவர் பெயர்களை என் மகள் ஜன்னல் வழியே எழுத்துக் கூட்டி வாசித்து, பாரதியார் யார், கபிலர் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதை எந்த வகுப்பறை கொடுக்கும்? அவள் சிரித்துக்கொண்டேதான் படகில் ஏறினாள்.

காட்பாடிக்காரன்:
நெடுஞ்சாலை அண்ணன் சொல்வதே சரி. மாதச் சம்பளம் இல்லாத தொழில் இது. ஒரு மாதம் விளம்பரப் பணம் வரும், அடுத்த மாதம் வராது. வீட்டில் மாமியார் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வசதி உள்ளவர்கள் மற்றவர்களுக்கு உபதேசம் செய்வது சுலபம். சோளிங்கர் மலைக்கோயில் பற்றி நான் எழுதியபோதும் இதே பாலாற்றங்கரைதான், 1,305 படிகளையும் ஏறாமல் 2024-இல் வந்த ரோப் காரில் போய்விட்டுக் கட்டுரை எழுதுகிறேன் என்று பலர் முன்னிலையில் என்னை இழிவுபடுத்தினார். அன்று கைக்குழந்தையோடு போனேன் என்பதை அவர் கேட்கவே இல்லை.

பாலாற்றங்கரை:
காட்பாடிக்காரரே, என் வீட்டில் மாமியார் இல்லை, அவர் காலமாகி நெடுநாளாகிறது. தெரியாத வீட்டைப் பற்றி எழுதாதீர்கள். சோளிங்கரைப் பற்றியும் பேசுவோம். ரோப் காரில் போனதை நான் குறை சொல்லவில்லை; படியேறிப் பார்த்ததுபோல எழுதியதைத்தான் குறை சொன்னேன்.

இப்போது படகுக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஐயா, கல்யாணத்தில் மாலை மாற்றுகிறவர்கள் பெரியவர்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் உண்டு. ஏழு வயதுப் பெண், அப்பா முகம் சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகவே சிரிப்பாள். இந்தத் தொழிலின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது படம் எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். நல்ல வெளிச்சம் காலையில் சூரியன் ஏறும் முன்னும், மாலையில் இறங்கும் நேரத்திலும்தான் கிடைக்கிறது. பிள்ளைக்குத் தலை வாரி, டிபன் டப்பா கட்டி அனுப்புவதும், வீட்டுப்பாடத்துக்கு அருகில் உட்காருவதும் அதே இரண்டு வேளைகளில்தான். விடுதிக்காரர்கள் அழைப்பதும் சனி ஞாயிறுகளில்தான். ஆகவே நம்மிடம் ஒவ்வொரு வாரமும் கேட்கப்படுவது பிள்ளையின் நேரம். உடன் அழைத்துப் போய்விட்டால் அந்தக் கடன் தீர்ந்துவிடும் என்று நினைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். மகன் பள்ளிக்குப் போனபின் பேருந்தேறுகிறேன். மாலையில் அவன் திரும்பும் முன் வந்துவிடுகிறேன். நான் இருக்கும் வேலூரில், கோட்டையின் அகழியும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அமிர்தியும் ஆற்காடும் பகல் பொழுதுக்குள் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளன. உச்சி வெயிலில் எடுத்த படம் வெளிறித்தான் இருக்கிறது, அதனால் எனக்குப் பார்வையாளர்கள் குறைவு. அந்தக் குறையை நான் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். மகனோடு போகும்போது கேமரா வீட்டில் இருக்கும்.

கோட்டை வாசல்:
ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் இரண்டு செய்திகள். முதலாவது, ஏலகிரியை வேலூர் மாவட்டத்துக் கோடைவாசத் தலம் என்று நெடுஞ்சாலை எழுதியிருக்கிறார். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் அது திருப்பத்தூர் மாவட்டம். பயணம் எழுதுகிறவருக்கு மாவட்டம் தெரிய வேண்டாமா? இரண்டாவது, 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று இடம் கொடுத்தது. குழந்தைக் கலைஞர்களுக்கோ தனி வரம்பு உண்டு. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும்.

நெடுஞ்சாலை:
வேலூர் என்று எழுதினால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரிகிறது, ஐயா. ஏலகிரிக்குப் போகிறவர்கள் மாவட்ட எல்லையைப் பார்த்தா போகிறார்கள்? சட்டத்தைப் பொறுத்தவரை, நீங்களே சொன்னபடி இது குடும்பத் தொழில். என் மகள் நின்றது சில நிமிடங்கள்.

கோட்டை வாசல்:
வடஆற்காடு என்ற பழைய மாவட்டப் பெயரையே இன்றும் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அதையாவது எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். தவறான மாவட்டத்தை எழுதிவிட்டு அதற்கு நியாயமும் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

பாலாற்றங்கரை:
ஆசிரியர் ஐயா, மாவட்டத்தைப் பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை தம் வாயாலேயே குடும்பத் தொழில் என்று சொல்லிவிட்டார். குடும்ப நேரம் எங்கே போயிற்று? அறை இலவசம் என்றால் அதற்கு ஈடாக விடுதிக்கு ஏதோ கொடுக்கப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சியான குடும்பம் அங்கே தங்குகிறது என்ற காட்சியைத்தான் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காட்சியில் இருந்த பெண்ணுக்குப் பங்கு என்ன? 20 விழுக்காடு போட்டீர்களா?

ஆம்பூர்த் தங்கை:
அக்கா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஜவ்வாது மலைக்கு நான் தனியாகப் போய்வந்து எழுதினால், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்கிறார்கள். நெடுஞ்சாலை தனியாகப் போன பயணங்களின் கீழே அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அப்போதெல்லாம் பிள்ளை யாரிடம் இருந்தது என்பதை அவர் எழுதியதும் இல்லை. ஏலகிரிக் கட்டுரையில்கூட அவர் மனைவி சோறு ஊட்டுகிற இடத்தில் மட்டுமே வருகிறார்.

காட்பாடிக்காரன்:
இப்போது எல்லோரும் சேர்ந்து ஒருவர் மீது பாய்கிறீர்கள். என் சோளிங்கர் கட்டுரைக்கு நடந்ததும் இதுவே.

நெடுஞ்சாலை:
என் மனைவியை இதில் இழுக்க வேண்டாம். நான் தனியாகப் போகும் நாட்களில் பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வது எங்கள் இருவரின் ஏற்பாடு. அந்தப் பிரிவு வேண்டாம் என்றுதான் உடன் அழைத்துச் செல்கிறேன். மகளும் மகிழ்ச்சியாகத்தான் ஏறினாள். இதற்கு மேல் என்ன சொல்ல?

பாலாற்றங்கரை:
முதல் தடவை மகிழ்ச்சியாக ஏறினாள் என்பதை நம்புகிறேன். இரண்டாம் தடவை எதற்காக ஏறினாள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த விடுதியின் அழைப்பை ஏற்கும் முன், படம் எடுக்காமல் ஏரிக்குப் போகலாமா என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொன்னதை இங்கே அப்படியே எழுதுங்கள்.

நெடுஞ்சாலை:
என் வீட்டில் நான் கேட்பதை இங்கே எழுத வேண்டிய கடமை எனக்கு இல்லை.

பாலாற்றங்கரை:
அவள் படகேறியதை எழுதும்போது அந்தக் கடமை இருந்ததா?

கோட்டை வாசல்:
மாவட்டத்தின் பெயரை இன்னும் திருத்தவில்லை.